கேட்கப்படாத கேதம்

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் சாவு வீட்டைக் கேத வீடு என்போம். அங்கே வருகிறவரை யாரும் 'வாருங்கள்' என்று அழைப்பதில்லை. வந்தவரும் கிளம்பும்போது 'போய்வருகிறேன்' என்று சொல்வதில்லை. முகப்பில் பெஞ்சு போட்டிருக்கும். ஆண்கள் அதில் உட்கார்வார்கள். பெண்கள் நேராக உள்ளே போய், பறிகொடுத்தவளின் தோளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் யாராவது ஒருவர், "எப்படி நடந்தது?" என்று கேட்பார். காலையிலிருந்து இருபது பேருக்குச் சொன்னதை அந்த வீட்டுக்காரர் இருபத்தோராவது முறையாகச் சொல்வார். எத்தனை மணிக்கு நெஞ்சு வலித்தது, கார் கொண்டுவந்தது யார், எந்தப் பாலம் தாண்டும்போது மூச்சு நின்றது, கடைசியாக என்ன கேட்டார். எதிரே இருப்பவர் குறுக்கே பேசாமல் கேட்பார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து நடந்துவிடுவார்.

இதைக் 'கேதம் கேட்பது' என்கிறோம். ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கிளம்புவதில்லை. கேட்கத்தான் போகிறோம். சிறு வயதில் இந்தச் சொல்லை நான் கவனித்ததே இல்லை. 2021 மே மாதத்தில்தான் அதன் எடை தெரிந்தது.

கொரோனாவின் இரண்டாம் அலையில் எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு சாவு. இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம். பெஞ்சு போடவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலை எடுக்க ஆளில்லை. உறையில் கட்டிய உடல் வந்தது. வண்டியிலிருந்து இறக்காமலே சுடுகாட்டுக்குப் போனது. பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய கோடித் துணி வரவில்லை. ஊர் முழுக்கத் தொலைபேசியில்தான் விசாரித்தது. வருடங்கள் ஆகிவிட்டன. அதில் ஒரு வீட்டு ஆச்சி இன்றும் கணவர் போனதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. யாரும் வாசலேறி வந்து கேட்கவில்லையே என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இந்தியாவில் கொரோனாவுக்குப் பலியானவர்கள் என்று அரசுக் கணக்கு சொல்வது ஐந்து லட்சத்துக்கும் மேல். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் இயல்பைவிட அதிகமாக நிகழ்ந்த சாவுகள் 47 லட்சம் இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. இந்திய அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், சுதந்திர இந்தியா கண்ட பெருந்துயரம் இது. ஆனாலும் இந்த நாடு அவர்களுக்காக ஒரு நாள் ஒதுக்கி உட்கார்ந்து அழவில்லை. ஊரே கேத வீடாக இருந்தது. கேட்க வர யாரும் மிச்சமில்லை.

ஒரு தேசம் துக்கத்தில் விழும்போது என்ன செய்கிறது, எதனால் சில துக்கங்கள் மக்களைச் சேர்க்கின்றன, சில துக்கங்கள் பிரித்துவிடுகின்றன என்பதை எங்கள் ஊர்க் கேத வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கொஞ்சம் விளங்கும் என்று நினைக்கிறேன். செட்டிநாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு.

முதலில் 'பங்காளி' என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். சொத்தில் பங்குள்ளவன் என்பது அதன் ஒரு பொருள். சாவுத் தீட்டில் பங்குள்ளவன் என்பது இன்னொன்று. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பங்காளி வீடுகளிலும் நல்ல காரியம் நடக்காது. குறித்த கல்யாணம் தள்ளிப் போகும். பொங்கல் வந்தாலும் பானை ஏறாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் சமூகத்தில் இந்தப் பங்காளி முறை மிகவும் கறாரானது. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். ஒரு கோயிலுக்குள் பிரிவு இல்லையென்றால் எல்லாரும் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. மற்றச் சமூகங்களிலும் பெயர்களும் விதிகளும் வேறே தவிர, முறை உண்டு. ஒருவன் உங்களோடு பத்து வருடம் பேசாமல் இருக்கலாம், வரப்புத் தகராறில் நீதிமன்றம்வரை போயிருக்கலாம். உங்கள் வீட்டுச் சாவுக்கு அவனும் தலை முழுகியே ஆக வேண்டும். அன்பு இருக்கிறதா என்று அந்த முறை கேட்பதே இல்லை.

1912இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் இதையே வேறு விதமாக எழுதினார். துக்கச் சடங்கு என்பது உள்ளே பொங்கும் சோகம் தானாக வெளியே வழிவதன்று. கூட்டம் தன் உறுப்பினர்மேல் சுமத்தும் கடமை அது, அந்தக் கடமையைச் செய்யும்போதுதான் கூட்டம் தன்னைக் கூட்டமாக உணர்கிறது என்றார். எங்கள் ஊரில் இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கருமாதியில் வேண்டா வெறுப்பாக வந்து நிற்கும் பங்காளி, பந்தியில் இலை போட ஆரம்பித்ததும் பழையபடி அண்ணன் தம்பியாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் தேசத்துக்கு ஒரு துயரம் வந்தால் யார் பங்காளி?

1948 ஜனவரி 30 மாலை காந்தி சுடப்பட்டார். அந்த நாளைப் பற்றி என் அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறுநாள் ஊரில் அடுப்பு எரியவில்லை. ஆண்கள் கூட்டமாகக் கண்மாய்க்குப் போய்த் தலை முழுகினார்கள். சிலர் மொட்டை போட்டுக்கொண்டார்கள். தகப்பனுக்கு மகன் செய்வதை, எந்த வகையிலும் உறவில்லாத ஒரு குஜராத்திக் கிழவருக்காக எங்கள் கண்மாய்க் கரையில் செய்தார்கள். யாரும் ஆணையிடவில்லை.

அந்த உறவு ஒரே நாளில் முளைத்ததும் இல்லை. காந்தி 1927இல் கதருக்காகத் தமிழ்நாடு சுற்றியபோது செட்டிநாட்டு ஊர்களுக்கு வந்திருந்தார். சிராவயலில் இளைஞர் ஜீவானந்தம் நடத்திய ஆசிரமத்துக்கும் போனார். உங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது என்று காந்தி கேட்டதாகவும், இந்தியாதான் என் சொத்து என்று ஜீவா சொன்னதாகவும், இல்லை, நீங்கள்தான் இந்தியாவின் சொத்து என்று காந்தி திருத்தியதாகவும் இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 1934இல் தீண்டாமை எதிர்ப்புப் பயணத்தில் மறுபடி வந்தார். வீட்டுப் படியேறி வந்த மனிதருக்குத்தான் இருபது வருடம் கழித்து ஊர் தலை முழுகியது.

அன்று டெல்லியில் நடந்த ஒரு சிறிய காரியம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். சுட்டவன் ஒரு முஸ்லிம் என்ற வதந்தி உடனே கிளம்பத் தொடங்கியது. பிரிவினைப் படுகொலைகளின் ரத்தம் காயாத நேரம். அன்று மாலை அகில இந்திய வானொலி காந்தியின் மரணத்தை அறிவித்தபோது, கொன்றவர் ஓர் இந்து என்பதையும் அதே மூச்சில் சொன்னது. அந்த ஒரு வாக்கியம் எத்தனை உயிர்களைக் காத்தது என்று எண்ணிச் சொல்ல முடியாது. துக்கத்தின் முதல் சில மணி நேரத்தில் மனம் காரணம் தேடி அலைகிறது. கையில் முதலில் அகப்படும் ஆளின்மேல் பழியைப் போட்டுவிடும். 'எப்படி நடந்தது?' என்ற கேள்விக்கு உண்மையான பதில் சீக்கிரம் கிடைத்தாக வேண்டும். அந்த உண்மையும் எல்லாத் தீயையும் அணைத்துவிடவில்லை: கொலையாளியின் சாதியைச் சொல்லி மகாராஷ்டிரத்தில் பிராமணர் வீடுகள் தாக்கப்பட்டன.

1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபோது துக்கம் வேறு பாதையில் போனது. டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே ஒப்புக்கொண்டது. கிட்டத்தட்ட எல்லாரும் சீக்கியர்கள். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் ஈழ அகதிகள் பட்ட பாட்டை எங்கள் சிவகங்கை மாவட்ட முகாம்களில் இருப்பவர்கள் சொல்வார்கள். அவர்களும் அன்று அதிர்ந்து நின்றவர்கள்தான். அவர்களைத் துக்கத்தில் சேர்த்துக்கொள்ளாமல் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினோம். அதே குண்டில் செத்த காவலர்களின், கட்சித் தொண்டர்களின் பெயர்களையும் அவர்கள் வீட்டைத் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

செட்டிநாட்டின் சொந்தப் பெருந்துயரத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் துக்கத்தைப் பற்றி எதையும் பேச முடியாது.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி, நிற்கும் தேக்குத் தூண்களை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால் விரல் நுனிகள் தொடாது. பர்மாத் தேக்கு என்று பெருமையாகச் சொல்வோம். 1929-30 வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் செட்டியார் கடைகள் சுமார் 1,650 இருந்தன. புழங்கிய பணம் 75 கோடி ரூபாய். தொழிலுக்காக இப்படிக் கடல் கடந்து போவதைக் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை வேலைகளுக்கு ஆண்கள் மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறுவார்கள். கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியிலேயே படுத்து, சமைத்துச் சாப்பிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு திரும்புவார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. 1937இல் முக்கியமான நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் வசம் வந்திருந்தது. அந்த நிலத்தை இழந்த விவசாயியின் வீடும் ஒரு கேத வீடுதான். நாங்கள் அதை விசாரித்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

1941 டிசம்பர் 23 காலை ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டு நின்ற கூட்டத்தின்மேல் குண்டு விழுந்தது. அவர்களில் பெரும்பகுதி துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை செய்த இந்தியக் கூலிகள். 25ஆம் தேதி மறுபடி குண்டு. 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. பணமும் செல்வாக்கும் இருந்தவர்களில் பலர் கப்பல் பிடித்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். சிலர் புரோம் வழியாகத் தாங்குப் கணவாயைத் தாண்டி அரக்கான் கரைக்கு. சிலர் வடக்கே மாண்டலே, தமு, இம்பால் என்று. கடைசியில் அகப்பட்டுக்கொண்டவர்கள் மழைக்காலத்தில் ஹுகாவுங் பள்ளத்தாக்கின் சேற்றில். காலரா, மலேரியா, பசி. வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று அகதிகளுக்குள்ளும் பிரித்தார்கள். நாலைந்து லட்சம் பேர் இப்படி இந்தியா வந்து சேர்ந்தார்கள். வழியில் செத்தவர்களின் எண்ணிக்கை பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம், அதற்கு மேலும் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. எண்ணியவர் யாரும் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தகப்பனார் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். கடைசிக் கடிதம் 1941 கார்த்திகையில் வந்தது. சம்பளத்தில் பிடித்தது போகப் பாக்கி எவ்வளவு, மாட்டுக்கு வைத்தியம் பார்த்தார்களா, பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா என்று மூன்று பக்கம். அந்தக் கடிதத்தை எனக்குப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மடித்த இடங்களில் தாள் அற்றுப்போய், நாலு துண்டாகத்தான் இருக்கிறது. அதன்பிறகு தகவல் இல்லை. புரோம் வழியாகக் கிளம்பியதைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். கல்கத்தாவில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார்.

பெரியவருக்கு அப்போது மூன்று வயது. அவருடைய தாயார் பொட்டை அழிக்கவில்லை. செத்தார் என்று சொன்னால்தானே அழிக்க வேண்டும்? கல்யாண வீடுகளில் அவரை முன்னே நிறுத்தவும் தயங்கினார்கள், பின்னே தள்ளவும் தயங்கினார்கள். கடைசியில் அவரே எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திக்கொண்டார். 1971இல் நெற்றியில் குங்குமத்தோடு இறந்தார். கோடி போடும் நேரத்தில் பங்காளிகளுக்குள் சச்சரவு. சுமங்கலியாகப் போனவருக்குச் சிவப்புக் கோடி, கைம்பெண்ணுக்கு வெள்ளை. இவருக்கு எது? பிணத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். பெரியவர் எழுந்து, என் ஆத்தா முப்பது வருடம் இருந்த மாதிரியே போகட்டும் என்று சிவப்பை எடுத்துக் கொடுத்தாராம்.

உடல் கிடைக்காத, முடிவு தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 1970களிலிருந்து ஆராய்ந்துவந்தார். வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களிலிருந்து அவர் ஆய்வு தொடங்கியது. இழப்பிலேயே மிகக் கடினமானது இது என்றார். துக்கம் தொடங்கவே இடம் இல்லாததால் அது முடிவதற்கும் இடம் இல்லை. வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் வேறுவேறாக நம்பிக்கொண்டு பிரிந்துபோகிறார்கள். பக்கத்து வீட்டில் நடந்தது அச்சாக அதுதான். 1942இல் செட்டிநாட்டில் இப்படி எத்தனை வீடுகள்! எந்த வீட்டுக்கும் யாரும் முறைப்படி கேதம் கேட்கப் போக முடியவில்லை. செத்தது உறுதியாகாத வீட்டில் எப்படிப் போய்க் கேட்பது?

அந்தத் துயரத்துக்குச் செட்டிநாட்டில் ஊரறிந்த நினைவு என்று இருப்பது பெரும்பாலும் சொத்துக் கணக்குதான். போன ஏக்கர், போன லட்சம், கைவிட்டு வந்த கட்டடம். வீடுகளில் தூண்கள் நிற்கின்றன. நடந்து செத்த கணக்கப்பிள்ளைக்கும், சமையல்காரருக்கும், அவர்களோடு நடந்த தெலுங்குக் கூலிக்கும், ஒடியக் கூலிக்கும் எதுவும் நிற்கவில்லை. 1962இல் ராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகளும் நாட்டுடைமையாகி, இரண்டாம் முறையாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். அவர்களுக்குக் கொடுத்த இடங்களில் ஒன்றுதான் காரைக்குடியின் பர்மா காலனி. அங்கே முதல் தலைமுறை இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். நேரம் அதிகம் இல்லை.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து; பறிகொடுத்துவிட்டு நிற்பவர்களை வைத்து அன்று. அந்த வரிசைப்படி யாரும் துக்கப்படுவதில்லை. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. துக்கப்படுகிறவர் இழப்புக்குள் போவதும், அன்றாட வேலைக்கு வெளியே வருவதுமாக மாறி மாறி அலைகிறார்; அந்த அலைச்சலே அவரைத் தேற்றுகிறது என்றார்கள். கேத வீட்டில் பாருங்கள். ஒப்பாரி வைத்து மாரடித்து அழுதவள் பத்து நிமிடத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, தம்பி மகனுக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்பாள். அடுத்த ஊர்க்காரர்கள் வாசலில் இறங்கியதும் மறுபடி குரலெடுப்பாள். வெளியூர் ஆட்கள் இதை நடிப்பு என்று நினைப்பார்கள். அவள் மூழ்கி மூழ்கி மூச்செடுக்கிறாள்.

அந்த வீட்டில் உலை ஏற்றக் கூடாது என்பதால் சம்பந்திகளும் பக்கத்து வீட்டாரும் சமைத்துக் கொண்டுவருவார்கள். மூன்றாம் நாள், பதினாறாம் நாள், பிறகு மாதம், கடைசியில் வருட முடிவில் ஆட்டைத் திவசம். ஒவ்வொரு கெடுவுக்கும் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். திரும்பி வருவதுதான் இதில் பெரிய விஷயம். பேரழிவுகளை ஆராய்கிறவர்கள் பொதுவாக ஒன்றைச் சொல்கிறார்கள்: முதல் சில வாரம் ஊரே ஒரே குடும்பமாகிறது, கேமராக்கள் போன பிறகு, உதவி குறைந்த பிறகு, ஏமாற்றமும் சண்டையும் வருகின்றன. ஆறு மாதம் தாண்டியும் வாழ்க்கையை முடக்கும் துக்கத்தை இப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனியாகவே குறிக்கிறது. அந்த ஆறாம் மாதத்தில் யார் வாசலேறுகிறார்கள் என்பது முதல் நாள் எத்தனை மெழுகுவர்த்தி எரிந்தது என்பதைவிட முக்கியம். தேசியத் துக்கத்துக்கு இந்த ஆறாம் மாதம் கிடையாது. கொடி ஏழு நாள் அரைக்கம்பத்தில் பறக்கும். ஜனவரி 30 காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். மௌனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் முறை கேட்பதிலும் சொல்வதிலும் நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் யாரும் எதையும் சொல்லி முடிக்க முடியாது.

2004 டிசம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். செட்டிநாட்டில் கடல் இல்லை. ஆனாலும் அந்தச் செய்தி எங்களை ஒரு விதமாகத் தொட்டது. நகரத்தாரின் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம். அந்தப் பட்டினத்தைக் கடல் கொண்ட கதை சொல்லிச் சொல்லி வந்ததுதான். செட்டிநாட்டு வீடுகள் தரையிலிருந்து அத்தனை உயரம் எழுப்பிக் கட்டப்பட்டதற்கு அந்த வெள்ளப் பயமே காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீருக்கு ஏங்கும் வறண்ட பூமியில், ஏழெட்டுப் படி ஏறித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். இப்போது அதே பூம்புகார்க் கரையில் மறுபடியும் கடல்.

நானும் சில நண்பர்களோடு அரிசி மூட்டை ஏற்றிய லாரியில் நாகப்பட்டினம் போனேன். வழியெல்லாம் சாலையோரம் பழைய துணிக் குவியல்கள். நாடு முழுவதிலுமிருந்து வந்தவை. எடுப்பாரில்லாமல் மழையில் நனைந்து கிடந்தன. ஒரு குவியலில் ஒரு பெண் ஒரு சேலையை எடுத்து விரித்தார். முந்தானை கிழிந்திருந்தது. நிதானமாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

எங்கள் லாரியிலும் மூன்று மூட்டை பழந்துணி இருந்தது. அதை நாங்கள் இறக்கவில்லை. சாவு வீட்டுக்குப் பழைய துணி கொண்டுபோகும் வழக்கம் தமிழனுக்கு எந்தக் காலத்தில் இருந்தது? கடன் வாங்கியாவது கோடி வேட்டி, கோடிச் சேலை எடுத்துக்கொண்டுதானே போவோம்? மடிப்புக் கலையாத, கஞ்சி மணக்கும் புதுத் துணி. பிறந்த வீட்டுக் கோடி வரும்வரை பிணத்தை எடுக்காமல் காத்திருப்போமே! அந்த மக்களை உறவு என்று நினைத்திருந்தால் கை தானாகக் கடைத்தெருப் பக்கம் போயிருக்கும். பாவம் என்று நினைத்தோம். அதனால் பீரோவின் அடித்தட்டைத் துழாவினோம். இது எனக்கு இருபது வருடமாக ஆறவில்லை.

உறவாக நடந்துகொண்டவர்களும் இருந்தார்கள். நாகூர் தர்காவுக்குச் சொந்தமான இடத்தில் என்ன மதம் என்று பாராமல் உடல்களை அடக்கம் செய்தார்கள். பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். கேத வீட்டில் அடுப்பெரியக் கூடாது என்ற விதியை அவர்கள் ஊரளவுக்கு விரித்துக்கொண்டார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் வந்தபோது, ஆளுக்கு ஒரு மனநல மருத்துவர் என்று வைக்கப் பார்க்கவில்லை. உள்ளூர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எப்படிப் பக்கத்தில் இருப்பது, எப்படிக் கேட்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கற்பித்ததில் பாதி எங்கள் ஆச்சிமாருக்கு ஏற்கெனவே தெரியும்.

அதே கரையில் தலித் குடும்பங்களை நிவாரண முகாமுக்குள் சேர்க்காமல் வைத்ததும், தண்ணீர்த் தொட்டியைத் தொட விடாததும் நடந்தன. மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்திருக்கின்றன. இதை நாகப்பட்டினத்தின் குறையாக மட்டும் எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 1930இலும் 1931இலும் இந்தப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, தங்கம் வெள்ளி போடக் கூடாது என்று ஆதிக்கச் சாதியார் தடை விதித்தார்கள். காந்தி 1934இல் தேவகோட்டையில் பேச வேண்டியிருந்தது இதைத்தான். கேதம் சொல்ல ஊர் ஊராக நடந்தவர், பறையடித்தவர், இரவெல்லாம் விழித்திருந்து பிணத்தை எரித்தவர் எல்லாரும் அந்தத் தெருக்காரர்கள். எங்கள் சாவுகளின் முழு உழைப்பும் அவர்களுடையது. அவர்கள் வீட்டுச் சாவுக்கு எங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர் போய் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறோம்? நான் பிறந்த தெருவில், என் நினைவு தெரிந்து, ஒருவர்கூட இல்லை. பக்கத்துத் தெருவுக்கே நடக்காத கால்கள் தேசத்துக்காகக் கூடுவதைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மகாளய அமாவாசைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரை ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போனேன். திதி தெரியாதவர்களுக்கு அன்றுதான் நீர் வார்ப்பது. அக்னி தீர்த்தக் கரையில் இடுப்பு வேட்டி நனைய உட்கார்ந்து, அப்பச்சி என்று அவர் சொல்லும் தகப்பனாரின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பாட்டனார், முப்பாட்டனார், தாயார் வழி என்று முடிந்தது. சாஸ்திரிகள் கடைசியாக ஒரு மந்திரத்தைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். எத்தனையோ முறை கேட்ட மந்திரம்தான். அன்று பெரியவர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். யாருக்குத் தாய் இல்லையோ, தகப்பன் இல்லையோ, சுற்றத்தார் இல்லையோ, அவர்கள் எல்லாரும் நான் விடும் இந்த நீரால் திருப்தி அடையட்டும் என்று சாஸ்திரிகள் சொன்னார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. புரோம் சாலையில் அப்பச்சியோடு நடந்தவர்களும் இதில் சேர்த்திதானே என்று கேட்டார். சேர்த்திதான் என்றார் சாஸ்திரிகள். பெரியவர் கையைப் பார்த்தார். எள் தீர்ந்திருந்தது. என்னிடம் கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் கொடு என்றார்.